மலர் கேட்ட விடால் வைன்

1

நேற்று மொன்றியலின் ஜான்-டலோன் சந்தைக்குப் போனோம். நாங்கள் என்றால் நானும் என் மனைவியின் தங்கை வசந்தாவும். மனைவி மலர் போன கார்த்திகையில் காலமானாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆண்டுத் திவசம். அதற்காக வசந்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிறாள். அவளுக்கு விசா போன வருடமே கிடைத்துவிட்டது. மலர் போய் எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்த பிறகு கிடைத்தது.

திவசத்துக்குப் பூசணிக்காய் வேண்டும், வாழைக்காய் வேண்டும். பூசணிக்காய்க்கு இந்தச் சந்தையில் குறைவில்லை. ஒவ்வொன்றும் ஒரு ஆள் இருக்கக்கூடிய முக்காலி அளவு. வசந்தா ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதை வெட்டக் கோடாலியெல்லோ வேணும் அத்தான்" என்றாள். கியூபெக்கில் செய்த பொருட்களை மட்டும் விற்கிற ஒரு கடை உள்ளே இருக்கிறது. அதன் வாசலில் ஒரு மேசை போட்டு, கறுப்பு ஏப்ரன் கட்டிய ஒரு பெண்பிள்ளை குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் கிண்ணங்களில் மஞ்சளாக எதையோ ஊற்றி வைத்திருந்தாள்.

"பொன்ஜூர்! விடால் சுவைத்துப் பார்க்கிறீர்களா? பனியில் உறைந்த பழத்தில் செய்த வைன்" என்றாள் பிரெஞ்சில்.

நான் தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். நாலு அடி போய்த் திரும்பினால் வசந்தா வரவில்லை. மேசைக்கு முன்னால் நிற்கிறாள். வசந்தா ஓய்வுபெற்ற ஆசிரியை. வெள்ளிக்கிழமைகளில், மீன் இறைச்சி என்று மச்சம் சமைத்த சட்டியில் தண்ணீர்கூடக் கொதிக்க விடமாட்டாள். அப்படிப்பட்டவள் ஒரு கிண்ணத்தை எடுத்தாள், அண்ணாந்து வாயில் விட்டாள், விழுங்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதுவோ அத்தான் அக்கா கேட்டது?"

"ஓம்" என்றேன்.

"சரியான இனிப்பு" என்றாள். கிண்ணத்தை மேசையில் வைத்து, அந்தப் பிள்ளைக்கு "மேர்சி" சொல்லிவிட்டு, "வாங்கோ, வாழைக்காய் பாப்பம்" என்று எனக்கு முன்னால் நடந்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

2

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் என்னைக் குடிப் பிரியன் என்று நினைத்துவிடக் கூடாது. எனக்கு வைனும் தெரியாது, அதற்கு நாக்கும் இல்லை. தெரிந்த கொஞ்சமும் மலர் சொல்லித் தெரிந்தது. நான் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளோடு மாரடித்த காலத்தில் அவள் ஆற்றுக்கு அப்பால், அமெரிக்க எல்லைப் பக்கமாக இருந்த ஒரு முந்திரிகைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனாள். பார்க் மெட்ரோவுக்கு முன்னால் விடிய ஒரு வான் வரும். அதில் எங்கள் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஏறுவார்கள்.

முந்திரிகை என்று நான் எழுதுவதை இங்குள்ள தமிழ்நாட்டு நண்பர்கள் கஜு என்று எடுத்துக்கொண்டு குழம்புவார்கள். திராட்சையைத்தான் சொல்கிறேன். மலர் கடைசிவரை முந்திரிகை என்றே சொன்னாள். அவளுக்குப் பழக்கமான முந்திரிகை கறுப்பு, பந்தலில் காய்ப்பது, தின்பதற்கும் விற்பதற்குமானது. இங்கே அவள் பார்த்தது வெள்ளை இனம், பெயர் விடால். பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். தோல் தடிப்பு. பழுத்து வாடினாலும் காம்பை விட்டு இலேசில் விழாது.

இந்த விடாலின் தாய்க்கொடி, பிரான்சில் கொன்யாக் பிராந்தி காய்ச்சப் பயன்படும் இனமாம். மொன்றியலில் பிள்ளை பெரியவளாகிச் செய்கிற ஒரு தமிழ்ச் சாமத்தியவீடாவது கொன்யாக் இல்லாமல் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை, ஆகவே எங்கள் ஆட்களுக்கு அது ஒருவகையில் சொந்தம்தான். அங்கே கொன்யாக்குக்கென்று ஒட்டுப்போட்டு உண்டாக்கிய பிள்ளை, பிறந்த இடத்தில் எடுபடாமல் போய், கடல் தாண்டி வந்து இந்தக் குளிருக்கு நின்று பிடித்திருக்கிறது. ஊர்ச் சங்கத்து ஆண்டு விழாவில் மேடையேறி இதை எங்களுக்கு உவமையாகச் சொன்னால் நல்ல கைதட்டு விழும். நான் சொல்லப் போவதில்லை. கொடிக்கு விசா தேவையில்லை, நோய் வருத்தம் வந்தால் மறைக்க ஆட்களும் இல்லை.

இதே பழத்தை இலையுதிர் காலத்தில் நேரத்தோடு பறித்தால் எலுமிச்சம் வாசத்தோடு புளிப்பான, சாதாரண வெள்ளை வைன் வரும். மீனுக்கு நல்லதென்பார்கள். பேர் வாங்கித் தருவது பனி வைன்தான். அதற்குக் காத்திருக்க வேண்டும். கியூபெக் குளிர் கொடியையே கொன்றுவிடும் என்பதால், குலைகளை முதலில் வெட்டி மேலே கட்டிய வலைகளுக்குள் போட்டுவிட்டுக் கொடிகளைப் போர்த்து மூடிவிடுவார்கள். பழம் அந்த வலையில் கிடந்து காற்றிலும் பனியிலும் சுருங்கும். பூச்சியத்துக்குக் கீழே எட்டுப் பாகையாவது இறங்கி நின்றால்தான் எடுக்கலாம். முதல் நாள் தோட்டத்துக்காரி பிரான்சீன் தொலைபேசி எடுப்பாள். அடுத்த நாள் மலர் என்னுடைய காற்சட்டை, அதற்கு மேல் தன்னுடையது, அதற்கு மேல் பனிக் காற்சட்டை என்று போட்டுக்கொண்டு உருண்டு போவாள்.

"பெடியள் உருட்டி விளையாடுற கண்ணாடிப் போளை மாதிரி இருக்குமப்பா. வலையை அவிட்டால் கலகலவெண்டு பெட்டிக்குள்ளை கொட்டும்" என்பாள்.

உறைந்த பழத்தை அப்படியே பிழிவார்கள். தண்ணீர் ஐஸாகி உள்ளே நின்றுவிட, இனிப்பும் புளிப்பும் மட்டும் பாணியாகச் சொட்டும். ஒரு பெட்டிப் பழத்துக்குக் கொஞ்சச் சாறுதான். பிழிகிற இயந்திரத்தைச் சுற்றி நின்று எல்லோரும் அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம், மாடு கன்று போடுவதைப் பார்ப்பதுபோல.

பழத்தில் ஒன்றிரண்டை மலர் வாயில் போட்டிருக்கிறாள். வைனைத் தொட்டதில்லை. மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்குப் பிரான்சீன் வேலையாட்கள் எல்லோருக்கும் ஒல்லியான போத்தல் ஒன்று கொடுப்பாள். அதை மலர் பருப்புப் பேணிக்குப் பின்னால் வைப்பாள். வீட்டுக்கு வருகிற ஆண்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பேன். அவர்கள் ஒரு மிடறு குடித்துவிட்டு, "மச்சான், இதென்ன இருமல் பாணியோ?" என்று சிரித்துக் கொன்யாக்குக்குப் போய்விடுவார்கள். அப்படியே ஒவ்வொரு போத்தலும் முடிந்தது.

3

மலருக்குச் சீனி வருத்தம். எனக்கு அதிகார வருத்தம். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தொடங்கின.

எங்கள் குசினியில் சீனிப் பேணி இன்றைக்கும் மேல் தட்டில்தான் இருக்கிறது, அவளுக்கு எட்டாத உயரத்தில். அவளுடைய கோப்பையில் சோறு கொஞ்சம் கூடினால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன், பார்ப்பேன். அவள் அகப்பையால் திருப்பி எடுத்துப் பானையில் போடுவாள். கல்யாண வீடுகளில் பந்தியின் மறுகோடியில் இருந்தாலும் பாயாசம் வரும்போது என் பக்கம் ஒருமுறை திரும்புவாள். நான் கண்ணைக் காட்டினால் கிண்ணம் கைமாறும். பக்கத்திலிருக்கிற பெண்கள், "உம்மடை மனுசன் உம்மிலை எவ்வளவு கவனம்" என்பார்கள். எனக்கு அது கேட்கப் பிடிக்கும்.

ஒரு வருடம் அறுவடை முடிந்ததும் பிரான்சீன் வேலையாட்களின் குடும்பங்களையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். நீளமான மேசை, பாண், பாற்கட்டி, சூப். மலருக்கு முன்னால் ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்து, "இது நீ பறித்தது" என்று பிரான்சீனே ஊற்றப் போனாள். நான் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து எட்டிக் கிண்ணத்தைக் கையால் மூடினேன். "நோ, நோ, மேர்சி. அவ குடிக்க மாட்டா. சீனி. மதுவும் எங்கள் பெண்களுக்குப் பழக்கமில்லை" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளங்கப்படுத்தினேன். பிரான்சீன் என்னைப் பார்த்தாள், பிறகு மலரைப் பார்த்தாள். மலர் சிரித்துக்கொண்டே சூப்பை எடுத்தாள்.

கடைசியாக அவள் வேலைக்குப் போன அந்தக் குளிர்காலத்தில் மலர் மெலியத் தொடங்கினாள். கோயிலில் கண்டவர்கள் எல்லாம், "வடிவா மெலிஞ்சிட்டீர், என்ன செய்யிறனீர்?" என்று கேட்டார்கள். அவள் என்னைக் காட்டினாள். நான் அந்தப் புகழை வாங்கிக்கொண்டேன். முதுகு நோகிறது என்றாள். குனிந்து நிமிர்கிற வேலை, நோகாமல் என்ன செய்யும் என்று தைலம் பூசிவிட்டேன். சாப்பாடு மனமில்லை என்றாள். நல்லது என்றேன். கண் வெள்ளை மஞ்சளாகியது. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவசரப் பிரிவில் கதிரையில் இருந்தபடியே ஒரு பகல் போனது. ஸ்கான் எடுத்தார்கள்.

4

கணையத்தில் புற்றுநோய். ஈரலுக்கும் பரவிவிட்டது. வெட்டி எடுக்க முடியாது. மருந்து ஏற்றினால் கொஞ்சக் காலம் நீட்டலாம். இதை வைத்தியர், ஒரு இளம் பெண், ஒரு மாசி மாதத்துக் காலையில் என்னிடமும் மகள் துளசியிடமும் சொன்னார். மலர் அடுத்த அறையில் இன்னொரு ஸ்கானுக்காகப் படுத்திருந்தாள். வைத்தியர் எங்களுக்குச் சொன்னதே தவறுதலாகத்தான். நோயாளிக்கு ஏற்கெனவே யாரோ சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார்.

துளசி இங்கே பிறந்தவள். எங்களோடு தமிழில் கதைப்பாள், கோபம் வந்தால் பிரெஞ்சில் கதைப்பாள், அழுகை வந்தால் கதைக்கவே மாட்டாள். நடைபாதையில் நான் அவளுடைய கையைப் பிடித்து, "அம்மாவுக்குச் சொல்லாதை" என்றேன்.

"அப்பா, அது அம்மாட உடம்பு."

"அவ தாங்கமாட்டா. மனம் விட்டிடுவா. மனம் விட்டால் நாளைக்கே போயிடுவா."

"ஸே பா கொரெக்ற், அப்பா. சரியில்லை இது. இங்க அப்படி இல்லை."

"இஞ்சை எப்பிடியெண்டாலும் எங்கடை ஆக்கள் அப்பிடித்தான்."

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நோயாளியைத் தவிர எல்லோருக்கும் தெரியும், நோயாளிக்கு முன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அதை நாங்கள் பொய் என்று சொல்வதில்லை, பக்குவம் என்று சொல்வோம். என் வாழ்நாளில் ஒருவர்கூட, தன் நோயைத் தன் காதால் கேட்டுவிட்டுச் செத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

வைத்தியர் விடுவதாயில்லை. மகள் மொழிபெயர்ப்பது சரிவராது என்று, தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, சத்தமாகப் போட்டுக் கட்டிலில் வைத்தார். தமிழ்நாட்டுப் பெண்குரல்.

"அம்மா, டாக்டர் கேக்கறாங்க. உங்க உடம்பைப் பத்தி எல்லாத்தையும் உங்ககிட்டயே நேரா சொல்லட்டுமா, இல்ல உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா போதுமான்னு."

மலர் தொலைபேசியைப் பார்த்தாள். துளசியைப் பார்த்தாள், துளசி யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"அவரிட்டைச் சொல்லுங்கோ" என்றாள் மலர். "எல்லாம் அவர்தானே பாக்கிறவர்."

எனக்கு உயிர் வந்தது. கணையத்தில் ஒரு புண், மருந்து ஏற்றினால் ஆறிவிடும் என்று சொன்னேன். தலைமயிர் கொட்டுமோ என்று கேட்டாள். சிலருக்குக் கொட்டுமாம் என்றேன். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அவள் என்னை நம்பிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

5

வசந்தா இப்போது குசினியில் நிற்கிறாள். வந்த நாளிலிருந்து என்னை ஒரு தேத்தண்ணிகூடப் போட விடுவதில்லை. மலரின் அறையில் படுக்கிறாள், மலரின் குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறாள். பின்னால் இருந்து பார்த்தால் மலரேதான். என்னோடு மரியாதையாகக் கதைக்கிறாள். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

மலருக்கு இருந்த ஒரே உடன்பிறப்பு இவள். நாங்கள் வந்தபிறகு அவர்கள் நேரில் கண்டது ஒரே ஒருமுறை, நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது. மற்றதெல்லாம் தொலைபேசி, பிறகு வாட்ஸப். மருந்து ஏற்றத் தொடங்கிய கிழமையே மலர் சொன்னாள்:

"வசந்தாவை ஒருக்காக் கூப்பிடுவமோ? வருத்தம் மாறுமட்டும் துணையா இருப்பாள்."

அதற்கு முன் அவள் எதையும் என்னிடம் கேட்டதில்லை. நான் உடனே ஒத்துக்கொண்டேன். துளசி கணினிக்கு முன்னால் இருந்து விண்ணப்பத்தைத் திறந்தாள். வருகைக்கு என்ன காரணம் என்று ஒரு கேள்வி.

"டொக்டரிட்ட கடிதம் வாங்கலாம் அப்பா" என்றாள் துளசி. "சீரியஸ் எண்டு போட்டா கெதியாப் பாப்பாங்கள். சித்திக்குக் கட்டாயம் குடுப்பாங்கள்."

கடிதம் போட்டால் அது வசந்தாவின் விண்ணப்பத்தில் சேரும். வசந்தா வாசிப்பாள். வாசித்த வசந்தா வாட்ஸப்பில் அக்காவின் முகத்தைக் கண்டதும் அழுவாள். அழுதால் மலருக்கு எல்லாம் தெரிந்துவிடும். இதையெல்லாம் நான் ஒரு நிமிடத்தில் யோசித்து முடித்தேன். எனக்கு என் கெட்டித்தனத்தில் அவ்வளவு நம்பிக்கை.

"உன்ரை பட்டமளிப்பு ஆனியிலை வருகுதெல்லோ? அதைப் போடு. அது பொய்யுமில்லை."

துளசி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் திரும்பவும் கையை வைத்தாள்.

வசந்தாவிடம் அக்காவுக்குச் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, வேறொன்றுமில்லை என்று சொன்னோம். அக்காவின் மகள், தன் பெறாமகளின் பட்டமளிப்புக்கு வருவதென்றால் அவளுக்குச் சந்தோசத்தில் புளுகம். சீலைகூட வாங்கிவிட்டாள். சித்திரையில் பதில் வந்தது. ஓய்வுபெற்றவர், தனியாக இருப்பவர், பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. பட்டமளிப்பைப் பார்க்காவிட்டால் ஒருவரும் சாகப்போவதில்லை என்று அந்த அதிகாரி நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. நான் அவருக்கு அதைத்தான் சொல்லியிருந்தேன்.

மலர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "ஒருக்காத் திருப்பிப் போட்டுப் பாருங்கோவன்" என்றாள்.

"வசந்தாவே பேந்து பாப்பம் எண்டு சொல்லிப்போட்டாள். நீர் யோசியாதையும். உமக்குச் சுகம் வரட்டும், நாங்களே போய்ப் பாத்திட்டு வருவம்."

அவள் தலையாட்டினாள். வசந்தா வற்புறுத்தாமல் விட்டது எனக்கு அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது.

6

பட்டமளிப்பு நடந்தது. மலர் மாம்பழ நிறப் பட்டுச்சீலை கட்டி, சக்கர நாற்காலியில் வந்தாள். சீலைக்குள் ஆள் இல்லாததுபோல இருந்தது. துளசி தொப்பியைக் கழற்றி அம்மாவின் தலையில் வைத்தாள், கொட்டிப்போன தலைமயிரை மறைக்கவா விளையாட்டுக்கா என்று தெரியாது. படம் எடுத்து வசந்தாவுக்கு அனுப்பினோம். "அக்கா நல்லா மெலிஞ்சு குமரிப்பிள்ளை மாதிரி இருக்கிறாள்" என்று வசந்தா பதில் போட்டாள்.

அந்தக் கோடையிலேயே துளசி வேறு வீடு பார்த்துப் போய்விட்டாள். அம்மாவைப் பார்க்க ஒவ்வொரு நாளும் வருவாள், என்னோடு பிரெஞ்சில் கதைப்பாள். இப்போதும் அப்படித்தான். திவசப் படையலில் அந்த வைனை வைப்போமா என்று நேற்று அவள் தொலைபேசியில் கேட்டதும் பிரெஞ்சில்தான். சித்தியிடம் கேள் என்றேன்.

7

ஐப்பசி முடிவில் மருந்தை நிறுத்தினார்கள். மலரை ஆஸ்பத்திரியின் வேறொரு பகுதிக்கு மாற்றினார்கள். தனி அறை, மரக் கதவு, மெல்லிய வெளிச்சம், இரைச்சல் இல்லை. அங்கே போகிறவர்கள் திரும்பி வருவதில்லை. "சத்தமில்லாத வார்ட், இஞ்சை நல்லாப் பாப்பினம்" என்று மலருக்குச் சொன்னேன். "ஓம், நல்ல வடிவான அறை" என்றாள்.

கார்த்திகையில் ஒரு காலை. யன்னலுக்கு வெளியே முதல் பனி தூவிக்கொண்டிருந்தது. சில நாட்களாகவே அவள் ஐஸ் துண்டைத் தவிர ஒன்றும் வாயில் வைக்கவில்லை. நான் கதிரையில் இருந்து பழைய பத்திரிகை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்சருங்கோ" என்றாள். "எனக்கு அந்த விடால் குடிக்க வேணும்போலை இருக்கு."

"என்னது?"

"பிரான்சீன் தாறது. பனி வைன். ஒரு கரண்டி."

நான் எழும்பிவிட்டேன். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவள் ஒன்றை வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். வெளியே போய் ஹெயிட்டியைச் சேர்ந்த தாதியிடம் கொடுக்கலாமா என்று கேட்டேன். அவள் என் தோளில் கை வைத்து, "அவர் எதைக் கேட்டாலும் கொடுங்கள்" என்றாள். அங்கியைக் கொளுவிக்கொண்டு, "இப்ப வாறன்" என்று மலருக்குச் சொல்லிவிட்டு மெட்ரோவுக்கு ஓடினேன். அரச மதுக்கடை அப்போதுதான் திறந்திருந்தது. வீட்டில் பருப்புப் பேணிக்குப் பின்னால் சும்மா கிடந்த அதே ஒல்லிப் போத்தல், கண்ணாடித் தட்டில் தனி வெளிச்சத்தில் நின்றது. காசாளர் அதைக் கடதாசியில் சுற்றும்போது, கொண்டாட்டமா என்று கேட்டார். "வி" என்று தலையாட்டினேன். எனக்கு உண்மையாகவே சந்தோசமாக இருந்தது.

கட்டிலைக் கொஞ்சம் உயர்த்தி, கரண்டியில் ஊற்றினேன். நல்ல பொன் நிறம். நன்றாகப் பழுத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை வெட்டியதுபோல் அறை முழுவதும் மணத்தது. மலர் அதை வாயில் வாங்கி, விழுங்காமல் கண்ணை மூடிக்கொண்டு வைத்திருந்தாள். பிறகு மெல்ல விழுங்கினாள்.

"எப்பிடி?"

"பழத்தை விட நல்லாயிருக்கு. இன்னும் கொஞ்சம் தாங்கோ."

கொடுத்தேன். அதையும் முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்து என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்கள் மறுப்பியள் எண்டு பாத்தன்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"சீனி எண்டு சொல்லேல்லை. பொம்பிளையள் குடிக்கிறதோ எண்டு கேக்கேல்லை. ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்திட்டியள்."

நான் கரண்டியைத் துடைக்கத் தொடங்கினேன். துடைத்த கரண்டியைத் திரும்பவும் துடைத்தேன்.

"அம்மாவுக்கும் நாங்கள் இப்பிடித்தான் செய்தனாங்கள்" என்றாள். மூச்சு வாங்கி வாங்கித்தான் கதைத்தாள், ஆனால் கோபமாகக் கதைக்கவில்லை. "எவ்வளவு காலம் அவவுக்குச் சீனி காட்டாமல் வைச்சிருந்தனாங்கள். டொக்டர் கைவிட்ட பிறகு நானும் வசந்தாவும் ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு போய்த் தீத்தினம். அம்மா என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு சாப்பிட்டவ. ஏன் பாத்தவ எண்டு எனக்கு இவ்வளவு காலமும் விளங்கேல்லை."

"மலர்..."

"எப்ப சொன்னவை உங்களுக்கு?"

பொய் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. "மாசியிலை" என்றேன்.

"மாசியிலையோ."

அவள் யன்னல் பக்கம் திரும்பினாள். அழப்போகிறாள் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். அவள் அழவில்லை, மாதங்களைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாசியிலை சொல்லியிருந்தால் நான் வசந்தாவைப் பாத்திருப்பன்."

"நீர் தாங்கமாட்டீர் எண்டுதான்..."

"நான் தாங்காட்டில் அவள் தாங்கியிருப்பாளே." என் பக்கம் திரும்பினாள். "அவளுக்காவது தெரியுமோ?"

"இல்லை."

"போனைத் தாங்கோ."

நான் எடுத்துக் கொடுத்தேன். ஊரில் அப்போது இரவுச் சாப்பாடு முடிகிற நேரம். மலர் முகத்தைக் காட்டாமல் குரலில் மட்டும் கதைத்தாள்.

"வசந்தா, சாப்பிட்டிட்டியோ? ... கதிரையிலை இரு. இருந்திட்டியோ? ... எனக்குக் கான்சர். இனிக் கன நாளில்லை. ... ஓம், நிச்சயம்தான். ... அழு, அழு. நான் வைக்கேல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறன்."

போனை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அதற்குள்ளிருந்து வசந்தா அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. குழந்தையை ஆராட்டுவதுபோல மலர் அந்தப் போனின் மேல் விரல்களால் மெல்லத் தட்டினாள். வெகுநேரத்துக்குப் பிறகு சத்தம் ஓய்ந்தது. மலர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு என் பக்கம் நீட்டினாள்.

"இந்தாங்கோ. உங்களோடை கதைக்க வேணுமாம்."

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். வாங்கிக் காதில் வைத்தேன்.

"அத்தான்" என்றாள் வசந்தா.

"சொல்லு வசந்தா."

"பட்டமளிப்புத்தானே எண்டுதான் அத்தான், நான் திருப்பி விசாப் போடாமல் விட்டனான்."